இந்த ஆண்டு யாரால் பிழைத்தோம்

லுவான் என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்று சொல்வது மரியாதைக்காக. கிழக்கு வாசலில் ஒருவன் தும்மினால் மேற்கு வாசலில் நிற்பவன் 'நூறு வயசு' என்று வாழ்த்துவான். அவ்வளவுதான் அதன் அகலம். ஒரு மண் மதில், ஒரு முன்னோர் கோயில், மதிலுக்கு வெளியே தினைக் கொல்லைகள், ஒரு ஆறு. அந்த ஆற்றிலும் பாதி பக்கத்து நாட்டுக்குச் சொந்தம்.

வடக்கே ஜிங், தெற்கே ஹெங். இரண்டும் பெரிய நாடுகள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் லுவானின் நிலை. ஜிங் வென்ற ஆண்டில் திறை வடக்கே போகும். ஹெங் வென்ற ஆண்டில் தெற்கே போகும். எல்லாருக்கும் மேலே தலைநகரில் சௌ மன்னர் என்று ஒருவர் இருந்தார். எல்லா நாடுகளும் அவருக்கு அடங்கியவை என்று பேர். அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அவரும் அதிகம் பேசுவதில்லை.

எலி வளையானாலும் தனி வளை. லுவானுக்கும் ஒரு கோமான் இருந்தார். பெயர் ரூ. தலை நரைக்கத் தொடங்கிய வயது. நல்ல மனிதர், ஆனால் ரோஷக்காரர்.

நாட்டின் வரலாற்றை எழுத ஆசான் யான் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு உதவியாளர் வைக்க நாட்டுக்கு வகையில்லை. சரி, மதிய நேரம் சும்மாதானே போகிறது என்று கோமானே போய் உட்கார்ந்தார். சிக்கனத்துக்காகப் போனவர், போகப் போக மாணவராகிவிட்டார். காலையில் அவையில் ஆசான் கோமானை வணங்குவார். மதியம் ஏட்டறையில் கோமான் ஆசானை வணங்குவார். காலையில் 'நீங்கள்', மதியம் 'நீ'. ஆசான்தான் வயதில் இளையவர். அதை இரண்டு பேருமே பெரிதாக நினைக்கவில்லை.

மற்ற நாடுகளின் ஏடுகளில் என்னென்னவோ இருக்கும். யார் யாரை வென்றார், எந்தக் கோமான் எப்போது செத்தார், சூரியனை எந்த நாள் இருள் பிடித்தது என்று பக்கம் பக்கமாக. லுவானின் ஏட்டில் ஆண்டுக்கு ஒரே ஒரு வரி. ஆண்டு முடியும்போது ஏட்டறையில் ஒரு கேள்வி கேட்கப்படும்: இந்த ஆண்டு யாரால் பிழைத்தோம்? பதிலை ஒரு மூங்கில் கீற்றில் எழுதி, பழைய கீற்றுகளோடு சேர்த்துக் கட்டுவார்கள். வேறு எதுவும் எழுதுவதில்லை.

முதல் கோமான் வந்த ஆண்டின் வரி இது: 'இந்த ஆண்டு, மழையில் நெருப்புக் கொடுத்த, பெயர் சொல்லாமல் போன இடையனால் பிழைத்தோம்.' பிறகு, 'தினை அனுப்பிய ஷெங் நாட்டாரால் பிழைத்தோம்.' பிறகு, 'தோற்று ஓடிவந்த நம் கோமானை ஆற்றைக் கடத்திவிட்ட ஹெங் நாட்டு ஓடக்காரன் தா வெய்யால் பிழைத்தோம்.' இப்படியே போகும்.

வசந்தத்தில் முன்னோருக்குப் படையல் போடும்போது, கோமான் இந்த ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசிக்க வேண்டும். கடைசிப் பெயரையும் சொன்ன பிறகுதான் சொந்த முன்னோருக்கு ஒரு கிண்ணம் ஊற்றலாம். அதற்குள் படையல் சோறு ஆறிவிடும். லுவானின் முன்னோர்கள் செத்த பிறகு சூடான சோற்றைக் கண்டதில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்த ஏட்டில் ஒரு வரி வரும்போது மட்டும் கோமானின் குரல் இறங்கும், வேகம் கூடும். அது அவர் பிறந்த ஆண்டின் வரி.

அந்த ஆண்டு ஜிங் படை லுவானைச் சூழ்ந்திருந்தது. பிள்ளையைப் பெற்ற கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். பட்டினி கிடந்த ஊரில் பால் கொடுக்க ஒருத்தி இல்லை. ஆடு மாடெல்லாம் ஏற்கெனவே அடுப்பேறிவிட்டன. நாட்டுக்கு வேறு வாரிசும் இல்லை. வாரிசில்லாத நாட்டின் கோயிலைப் பூட்டிவிட்டு மண்ணைப் பெரிய நாடு எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து வழக்கம் அது. ஆகவே அந்தப் பச்சைப் பிள்ளைதான் அன்றைக்கு லுவான்.

பிள்ளை வீறிட்டு அழுதது. லுவானின் மதில் தாழ்வானது. அழுகை வெளியே ஜிங் பாசறைவரை கேட்டது. அந்தி வேளையில் ஒரு பெண் வந்து மதிலடியில் நின்றாள். ஜிங் படையில் குதிரை பராமரிப்பவனின் மனைவி. அவளுக்கும் இடுப்பில் கைக்குழந்தை.

"பிள்ளையைக் கீழே கொடுங்கள், இல்லாவிட்டால் என்னை மேலே தூக்குங்கள். என்னால் இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது" என்றாள்.

கூடையைக் கயிற்றில் இறக்கி அவளைத் தூக்கினார்கள். மழை பிடித்துப் படை திரும்பிப் போகும்வரை அவள் தினமும் கூடையில் ஏறினாள், இறங்கினாள். பிறகு படையோடு போய்விட்டாள். கோமானின் தந்தை பட்டுத்துணி கொடுத்து ஆள் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

'இந்த ஆண்டு, ஜிங் நாட்டுக் குதிரைக்காரன் மனைவி ஆ மெய்யால் பிழைத்தோம்.'

இளவயதில் ஒருமுறை கோமான் ஹெங் நாட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த ஊர் இளவரசன் ஒருவன் குதிரை மாதிரி கனைத்தான். விருந்தே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வரி அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

ஒரு இலையுதிர் காலத்தில் ஜிங்கிலிருந்து தூதர் வந்தார். ஜிங்கின் பெருங்கோமான் அப்போது எல்லா நாடுகளையும் அடக்கி மேலே நின்ற நேரம். குளிர்காலத்தில் சிறிய நாடுகள் எல்லாம் தம் வரலாற்றோடு அவர் முன் வர வேண்டும் என்று உத்தரவு. எந்த நாட்டின் முன்னோர் சௌ மன்னருக்கு என்ன பெருஞ்செயல் செய்தார் என்று அவையில் வாசிக்க வேண்டும். செயல் இருந்தால் நாடு இருக்கும். இல்லையென்றால் கோயிலுக்குப் பூட்டு, மண் ஜிங்குக்கு, கோமான் இனி குடியானவன்.

தூதர் போகும்போது கோமானின் காதருகே குனிந்தார்.

"இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுதுகிறார்கள்."

கோமான் அன்று சாப்பிடவில்லை. ஏட்டை எடுத்துப் பிரித்தார். முதலிலிருந்து கடைசிவரை ஒரு வெற்றி இல்லை. வாங்கிய தினை, வாங்கிய நெருப்பு, ஏறிய ஓடம். ஒரு கோமான் போரில் நாணல் காட்டுக்குள் ஒளிந்திருந்ததும், அவரைக் காட்டிக்கொடுக்காத பெண்ணின் பெயரும் இருந்தன. பெருஞ்செயலுக்கு எங்கே போவது? அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மதியம் ஏட்டறைக்குப் போய் ஆசானை வணங்கினார். மடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து நீட்டினார்.

ஆசான் விரித்துப் படித்தார். லுவானின் முதல் கோமான், அம்பு மழைக்கு நடுவே, சௌ மன்னரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தார் என்று எழுதியிருந்தது.

"நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றார் ஆசான். "தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறாய்."

"பொய்தான், ஆசானே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு நாட்டைக் காப்பாற்றக் கூடாதா?"

ஆசான் துணியை மடித்தார். "இதை ஏட்டில் எங்கே சேர்ப்பாய்?" என்று கேட்டார்.

"முதலில்தான். புதுக் கீற்று வைத்து."

"பழைய மூங்கில் எல்லாம் தேன் நிறத்தில் இருக்கிறது. பச்சை மூங்கிலை நடுவில் வைத்தால் ஜிங் நாட்டு அமைச்சர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் பார்த்துவிடுவார். பழைய கீற்றில்தான் எழுத வேண்டும்."

"பழைய கீற்றில் எழுத்து இருக்கிறதே."

ஆசான் எழுந்துபோய்ச் சுரண்டும் கத்தியை எடுத்து வந்தார். பிழையாக எழுதியதை மூங்கிலிலிருந்து செதுக்கி எடுக்கும் சின்னக் கத்தி. அதைக் கோமானின் கையில் வைத்தார்.

"எது வேண்டாமோ அதை எடுத்துவிடு."

கோமானின் கை தேடவே இல்லை. நேராகத் தன் பிறந்த ஆண்டின் கீற்றுக்குப் போனது. கத்தியின் முனை 'குதிரைக்காரன்' என்ற சொல்லின் மேல் நின்றது.

"பொறு" என்றார் ஆசான். "ஏட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிழையைச் சுரண்டலாம், யாரையும் கேட்க வேண்டாம். பெயரைச் சுரண்டுவதானால் அந்தப் பெயருக்கு உரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். அவர் இல்லையென்றால் பிள்ளைகளிடம்."

"அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பெயர்களை எழுதிவிட்டால் மட்டும் போதாது, அவர்கள் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரித்து வைக்க வேண்டும். அது என் வேலை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இருக்கிறான். எல்லைக் குதிரைச் சந்தையில் குவோ என்று கேள்."

"தந்தை தேடியபோது கிடைக்கவில்லையே."

"உன் தந்தை ஒருமுறை தேடினார். எனக்கு முன் இந்த ஏட்டை எழுதிய என் தந்தைக்கு அதுதான் வேலை."

கோமானுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மாணவன் மாணவன்தான். சாதாரண உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குதிரைச் சந்தை சாணமும் சத்தமுமாக இருந்தது. குவோ ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கட்டையான உருவம். நரைத்த மீசை. கோமானின் வயதுதான் இருக்கும்.

"குதிரை வேண்டுமா ஐயா?"

"இல்லை. உன் தாயின் பெயர் ஆ மெய்யா?"

குவோ குளம்பைக் கீழே விட்டான். "ஆமாம். அவள் போய் ரொம்ப வருடமாகிறது. கடன் ஏதும் வைத்திருந்தாளா?"

"இல்லை, இல்லை." கோமான் தடுமாறினார். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் லுவானிலிருந்து வருகிறேன். முற்றுகையின்போது உன் தாய் மதிலேறி வந்து ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்."

"யார், என் அம்மாவா?"

"கூடையில் தூக்கினார்கள்."

குவோ அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கூடைக்காரி. அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும். ஏன் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அந்தப் பேரைக் கேட்டால் எனக்கு மானம் போகும். ஏதோ திருட்டு விவகாரம் என்று நினைத்தேன். கேட்டால் சிரிப்பாள், சொல்ல மாட்டாள். சாகும்வரை சொல்லவில்லை." கோமானை மேலும் கீழும் பார்த்தான். "அந்தப் பிள்ளை?"

"நான்தான்."

"ஓ" என்றான் குவோ. பிறகு அவன் முகம் விரிந்தது. "அப்படியென்றால் என் பங்கில் பாதியைக் குடித்தது நீங்கள்தானா? பாருங்கள், உங்களைவிட ஒரு சாண் குள்ளமாக நிற்கிறேன்."

கோமான் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அந்த வரியைப் பற்றி அவர் வாழ்க்கையில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டான் குவோ.

கோமானின் சிரிப்பு நின்றது. ஊரில் ஒரு ஏடு இருப்பதையும், வசந்தந்தோறும் கோயிலில் அதை வாசிப்பதையும், அதில் ஆ மெய்யின் பெயர் இருப்பதையும் சொன்னார். ஜிங்கின் உத்தரவைச் சொன்னார். அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு எழுதப் போவதையும் சொன்னார். கடைசி வாக்கியத்தைக் குதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

குவோ வேறு எதையோ பிடித்துக்கொண்டான்.

"கோயிலிலா? என் அம்மா பெயரையா? வருடா வருடமா?"

"ஆமாம்."

"யார் வாசிப்பார்?"

"நான்தான்."

குவோ தொட்டியில் கையைக் கழுவினான். முகத்தையும் கழுவினான். சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, அவையில் நிற்பவன் மாதிரி நேராக நின்றான்.

"எனக்காக ஒருமுறை வாசியுங்கள்."

ஏடு கையில் இல்லை. ஆனால் அது கோமானுக்கு மனப்பாடம். சந்தையின் நடுவில், ஈக்களுக்கும் தரகர்களுக்கும் நடுவில் நின்று சொன்னார்.

"இந்த ஆண்டு, ஜிங் நாட்டுக் குதிரைக்காரன் மனைவி ஆ மெய்யால் பிழைத்தோம்."

குவோ அழுதான். மறைக்கவில்லை. "லாயத்துக்குப் பின்னால்தான் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. எங்கள் ஊரில் அவள் பெயரைச் சொல்ல நான் ஒருவன்தான், எனக்குப் பிறகு அதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

"பெயரை எடுக்க உன் சம்மதம் கேட்கத்தான்..." என்றார் கோமான்.

"உங்கள் ஏடு ஐயா. நாட்டுக்கே ஆபத்து என்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், நான் என்ன சொல்லப் போகிறேன்? அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள்." குவோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எடுப்பதற்கு முன்னால் இன்னும் ஒருமுறை வாசிக்கிறீர்களா?"

கோமான் வாசித்தார். இந்த முறை அவர் குரல் இறங்கவில்லை, வேகமும் கூடவில்லை. தன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்ட ஒருத்தியின் பெயரை இத்தனை வருடம் மென்று விழுங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டார். அவள் மகனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் குதிரை வாடை அடித்தது.

ஊர் திரும்பியதும் நேராக ஏட்டறைக்குப் போனார். கத்தியை ஆசானின் முன் வைத்தார்.

"கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இன்னும் ஒருமுறை வாசிக்கச் சொன்னான்."

ஆசான் தலையசைத்தார். பக்கத்தில் ஒரு பேரிக்காய் இருந்தது. அந்தக் கத்தியாலேயே அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கோமானுக்குக் கொடுத்தார். இருவரும் தின்றார்கள்.

"அவையில் எதைக் கொண்டுபோய் வாசிப்பேன், ஆசானே?"

"இருப்பதை."

"அது போதுமா?"

"தெரியாது" என்றார் ஆசான்.

குளிர்காலம் வந்தது. ஆற்றங்கரையில் கூடாரங்கள் போட்டு, ஜிங்கின் பெருங்கோமான் நடுவில் உட்கார்ந்திருந்தார். இறுகிய முகம். அவர் பக்கத்தில் அமைச்சர் ஷி. பின்னால் ஜிங்கின் ஏடுகளோடு அவர்களுடைய வரலாற்றாசிரியர்.

ஒவ்வொரு கோமானாக எழுந்து வாசித்தார்கள். முதல் நாட்டின் முன்னோர் சௌ மன்னரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்திருந்தார். இரண்டாம் நாட்டின் முன்னோரும் அப்படியே. மூன்றாம் நாட்டின் முன்னோர் முதுகில் சுமந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மன்னர் வாழ்நாளில் தரையில் கால் வைத்ததே இல்லை போலிருக்கிறது என்று அமைச்சர் ஷி சொன்னார். பெருங்கோமான் சிரிக்கவில்லை. கையை ஒருமுறை அசைத்தார். கோயில்களுக்குப் பூட்டு விழுந்தது.

தன் துணிச் சுருளை நினைத்துக் கோமான் ரூவுக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது.

அவர் முறை வந்தது. எழுந்து ஏட்டை விரித்தார்.

"இந்த ஆண்டு, மழையில் நெருப்புக் கொடுத்த, பெயர் சொல்லாமல் போன இடையனால் பிழைத்தோம்."

அவையில் சலசலப்பு. அடுத்த வரியை வாசித்தார். அதற்கடுத்ததை வாசித்தார்.

"இது என்ன, வரலாறா, பிச்சைப் பாத்திரமா?" என்றார் அமைச்சர் ஷி. அவை சிரித்தது.

"எங்களிடம் இருப்பது இதுதான்" என்றார் கோமான். தொடர்ந்து வாசித்தார்.

தினை அனுப்பிய ஷெங் நாட்டாரின் வரி வந்தபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஷெங் கோமான் எழுந்தார். பூஞ்சை உடம்புக்காரர், தடியூன்றி நின்றார்.

"எந்த ஆண்டு அது?"

கோமான் ஆண்டைச் சொன்னார்.

"என் பாட்டனார் காலம். எங்களுக்கே பஞ்சம் வந்த வருடம் ஆயிற்றே. எங்கள் ஏட்டில் அந்த வருடம் அவர் தோற்ற போர் ஒன்று மட்டும்தான் இருக்கிறது. தினை அனுப்பினாரா?"

"ஆற்றங்கரை நெடுக வண்டிகள் நின்றன என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்."

ஷெங் கோமான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவையில் இப்போது சிரிப்பு இல்லை. தங்கள் நாட்டுப் பெயர் வருமா என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஜிங்கைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார் பெருங்கோமான். அதுவரை அவர் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு வரி இருந்தது. அன்று விருந்தில் கனைத்த ஹெங் இளவரசனின் தம்பியும் அந்த அவையில்தான் இருந்தான். கோமான் ஏட்டைத் தாழ்த்தி, பெருங்கோமானின் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"இந்த ஆண்டு, ஜிங் நாட்டுக் குதிரைக்காரன் மனைவி ஆ மெய்யால் பிழைத்தோம். அவள் பால் கொடுத்த பிள்ளை நான்."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, துணைக்கு ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்.

பெருங்கோமான் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "நம் ஏட்டில் அந்த ஆண்டு என்ன இருக்கிறது?"

ஜிங்கின் வரலாற்றாசிரியர் கீற்றுகளைப் புரட்டினார். "லுவானை முற்றுகையிட்டோம். மழை. திரும்பினோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அந்தப் படையை நடத்தியவர் என் தந்தை" என்றார் பெருங்கோமான். கோமான் ரூவின் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஒரு பெண் எதிரியின் மதிலேறிப் போனது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமல் இருந்திருக்காது" என்றார் கோமான். "எங்கள் மதில் அவ்வளவு தாழ்வு. கூடை ஏறுவதும் இறங்குவதும் பாசறை முழுக்கத் தெரியும். தினமும் தெரியும். ஒருவரும் அம்பு எய்யவில்லை. எய்யச் சொல்லி உத்தரவும் வரவில்லை."

பெருங்கோமான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றின் மேல் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டது.

"எங்களிடம் அவரைப் பற்றி இருப்பதெல்லாம் முற்றுகைகள்தான்" என்றார்.

அமைச்சர் ஷி குனிந்தார். "பெருங்கோமானே, இவர்கள் மன்னருக்கு ஒரு செயலும் செய்ததாக..."

"லுவானின் கோயில் திறந்திருக்கட்டும்" என்றார் பெருங்கோமான். "அடுத்தவரைக் கூப்பிடுங்கள்."

அடுத்தவர் எழுந்தார். மன்னரைத் தோளில் சுமந்த கதையை நடுங்கிக்கொண்டே வாசித்தார். பெருங்கோமானின் கை அசைந்தது.

கோமான் ரூ ஊர் திரும்பியபோது மதில்மேல் ஏறி நின்று ஜனங்கள் கூவினார்கள். அவர் இறங்கி நடந்தே வந்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் தினைக் கொல்லைக்குக்கூட ஒரு கும்பிடு போட்டார்.

ஆண்டு முடியும் நாள் வந்தது. மதியம் ஏட்டறைக்குப் போய் ஆசானை வணங்கி, தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுக் கீற்று முன்னால் இருந்தது.

"இந்த ஆண்டு யாரால் பிழைத்தோம்?" என்று ஆசான் கேட்டார்.

"குவோவால்."

"அவன் என்ன செய்தான்?"

"என்னைத் திருத்தினான்."

"அது நீ பிழைத்தது. நாடு யாரால் பிழைத்தது?"

"ஆ மெய்யால்."

"அவளுக்கு ஒரு வரி இருக்கிறது."

"ஷெங் கோமான் எழுந்து பேசினார்."

"பேசினார். பூட்டும் சாவியும் அவர் கையிலா இருந்தன?"

கோமானுக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. தூரிகையைக் கீழே வைத்தார்.

"பெருங்கோமானையா சொல்கிறீர்கள்? அவர் பெயரையா? ஆட்டிடையனும் ஓடக்காரனும் இருக்கிற ஏட்டிலா? நம்மை விழுங்கத்தான் அவர் கூட்டம் கூட்டினார். எனக்கு முன்னால் வாசித்தவர்களின் கோயிலைப் பூட்டினார். எனக்குப் பின்னால் வாசித்தவனின் கோயிலையும் பூட்டினார். என் கண் முன்னால்."

"ஆமாம்."

"நம்மை விட்டது தயவுகூட இல்லை, ஆசானே. தன் தகப்பனை நினைத்து ஒரு நிமிடம் இளகிப் போனார். ஊர் போய்ச் சேர்வதற்குள் வருத்தப்பட்டிருப்பார்."

"இருக்கலாம்."

"அப்படிப்பட்டவரால் பிழைத்தோம் என்று வசந்தந்தோறும் நான் வாசிக்க வேண்டுமா? என் பிள்ளைகளும் வாசிக்க வேண்டுமா?"

ஆசான் கீழே கிடந்த தூரிகையை எடுத்தார். உலர்ந்திருந்த முனையை மறுபடி மையில் தோய்த்தார். கோமானிடம் நீட்டினார்.

"பூட்டிய கோயில்களை ஜிங் நாட்டு ஏட்டில் ஒன்று விடாமல் எழுதிவிடுவார்கள். பூட்டாமல் விட்ட ஒன்றை அங்கே யாரும் எழுத மாட்டார்கள். நீ எழுது."